மருத்துவருக்குத் தெரியாமல் போனது: கணிதமேதை ராமானுஜனின் நோயும் நமக்கான பாடமும்

கும்பகோணம் என்றதும் உலகம் முழுக்க உள்ள கணித அறிஞர்களின் நினைவுக்கு வரும் ஒரே பெயர் சீனிவாச ராமானுஜன். அவருடைய கணிதத்தைப் பற்றி ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். 32 வயதில் அவரைக் கொண்டுபோன நோயைப் பற்றி நம் வீடுகளில் அதிகம் பேசியதில்லை. காவிரிக்கரையில் பிறந்து வளர்ந்து, கடல் கடந்து போய், அங்கே தனியாகச் சமைத்துச் சாப்பிட்டு, உடம்பைக் கவனிக்காமல் உழைத்து, நோயாளியாக ஊர் திரும்பிய ஓர் இளைஞரின் கதை அது. கூத்தாநல்லூரிலும் அதிராம்பட்டினத்திலும் ராஜகிரியிலும் பண்டாரவாடையிலும் சபராளிகள் இல்லாத தெரு இல்லை. அதனால் இது நமக்கும் வேண்டிய கதைதான்.

அம்மையில் தப்பிய பிள்ளை

ராமானுஜன் 1887 டிசம்பர் 22-ஆம் நாள், தாயாரின் பெற்றோர் வசித்த ஈரோட்டில் பிறந்தார். தந்தை சீனிவாச அய்யங்கார் கும்பகோணத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கெழுதியவர். தாயார் கோமளத்தம்மாள். சாரங்கபாணி சன்னதித் தெருவில் அவர்கள் வாழ்ந்த சின்ன வீடு இன்றும் நினைவில்லமாக இருக்கிறது.

இரண்டு வயதில், 1889-இல், அவருக்குப் பெரியம்மை வந்தது. அந்த நாளில் தஞ்சை மாவட்டத்தில் ஆயிரக்கணக்கானோரை வாரிக்கொண்டு போன நோய் அது. ராமானுஜன் தப்பினார், முகத்தில் தழும்புகள் மட்டும் நின்றுவிட்டன. அவருக்குப் பின் பிறந்த மூன்று குழந்தைகள் ஒரு வயதை எட்டும் முன்பே இறந்தன. அன்று டெல்டா கிராமங்களில் இது அரிதான துயரம் அல்ல.

பெரியம்மையையும் தட்டம்மையையும் அடையாளம் பிரித்துத் தனி நூலே எழுதியவர் முஸ்லிம் மருத்துவ மேதை அர்-ராஸி. ராமானுஜன் பிறப்பதற்கு ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்தியவர் அவர். ஒவ்வொரு நோயாளியின் வரலாற்றையும் கேட்டுக் குறித்து வைப்பது அவருடைய வழக்கம். இந்தக் கட்டுரையை முடிக்கும்போது அந்த வழக்கத்தின் அருமை நமக்குப் புரியும்.

கணக்கும் வயிறும்

கும்பகோணம் டவுன் ஹைஸ்கூலில் ராமானுஜன் படித்தார். 1904-இல் அரசுக் கல்லூரியில் உதவித்தொகையுடன் சேர்ந்தார். கணக்கைத் தவிர எந்தப் பாடத்திலும் மனம் ஒட்டவில்லை, உதவித்தொகை போயிற்று. 1906-இல் சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தவர், சில மாதங்களிலேயே சீதபேதியால் துவண்டு கும்பகோணம் திரும்பினார். வயிறு சரியானதும் அதை மறந்துவிட்டார்கள். யாராக இருந்தாலும் மறந்திருப்பார்கள். டெல்டாவில் வயிற்றுக்கடுப்பு ஒரு பெரிய விஷயமா?

1909 ஜூலையில் ஜானகியுடன் திருமணம் நடந்தது. அடுத்து விரைவீக்கம் என்கிற ஓதம் வந்தது. அறுவை செய்தாக வேண்டும், குடும்பத்தில் காசில்லை. 1910 ஜனவரியில் ஒரு மருத்துவர் தாமாக முன்வந்து கட்டணம் வாங்காமல் அறுவை செய்தார். கொசு வழியாகப் பரவும் யானைக்கால் கிருமி நம் காவிரிப் பகுதிக்குப் பழைய விருந்தாளி. விரைவீக்கம் அதன் அடையாளங்களில் ஒன்றாகவும் இருக்கலாம். வெட்கப்பட்டு மறைத்து, நாள் கடத்தி, கடைசியில் மருத்துவரிடம் போகிற ஆண்கள் இன்றும் உண்டு.

1912 மார்ச்சில் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய் சம்பளத்தில் கணக்கர் வேலை கிடைத்தது. 1913 ஜனவரியில் கேம்பிரிட்ஜ் பேராசிரியர் ஹார்டிக்குத் தன் சூத்திரங்களை எழுதி அனுப்பினார். ஹார்டி வியந்துபோய் அவரை அழைத்தார். 1914 மார்ச் 17-இல் சென்னையில் கப்பல் ஏறினார் ராமானுஜன். ஜானகி ஊரில் இருந்தார்.

கேம்பிரிட்ஜில் ஒரு தனி அறை

போன சில மாதங்களில் முதல் உலகப்போர் வெடித்தது. ராமானுஜன் மரக்கறி மட்டுமே உண்பவர். கல்லூரிச் சாப்பாட்டுக்கூடத்தில் எது எதில் வெந்தது என்ற சந்தேகத்தால் தன் அறையிலேயே அடுப்பு வைத்துச் சமைத்தார். போர்க்காலத்தில் காய்கறியும் பாலும் சரிவரக் கிடைக்கவில்லை. கணக்கில் மூழ்கினால் இரவு பகல் தெரியாது. சமைப்பதும் சாப்பிடுவதும் தள்ளிப்போகும். ஹலாலான உணவு கிடைக்காத ஊரில் ரொட்டியையும் டீயையும் கொண்டு நாளை ஓட்டியவர்களுக்கு இந்த நிலை சொல்லாமலே புரியும். மார்க்கம் விதித்த வரம்பைக் காப்பது குற்றமல்ல. வரம்புக்குள் இருந்தே உடம்புக்கு வேண்டியதைத் தேடித் தர ஆளில்லாததுதான் குறை.

அவருடைய நண்பர் மகலனோபிஸ், பின்னாளில் இந்தியப் புள்ளியியல் கழகத்தை நிறுவியவர், ஒரு நிகழ்ச்சியை நினைவுகூர்ந்திருக்கிறார். ராமானுஜன் இரவெல்லாம் குளிரில் நடுங்கி, கோட்டைப் போட்டுக்கொண்டு சால்வையைப் போர்த்திப் படுத்து வந்தாராம். கட்டிலில் விரிப்புக்கு அடியில் கம்பளிகள் மடித்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றுக்குள் நுழைந்து படுக்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. நண்பர் போய்ச் சொல்லிக் கொடுத்தார். எண்களின் இரகசியம் அறிந்தவர், குளிருகிறது என்று பக்கத்து அறையில் வாய்விட்டுக் கேட்கவில்லை. உடம்பு விஷயத்திலும் அவர் அப்படித்தான் இருந்தார்.

ஒரு நோய்க்குப் பல பெயர்

1917 வசந்த காலத்தில் ராமானுஜன் படுத்துவிட்டார். இரவில் காய்ச்சல் வரும், பிறகு விடும்; மறுபடியும் வரும். வயிற்றில் வலி; உடல் மெலிந்தது. முதலில் இரைப்பைப் புண் என்றார்கள். அது பொருந்தவில்லை. பிறகு காசநோய் என்றார்கள். மென்டிப் மலையில் இந்திய மருத்துவர் சௌரி முத்து நடத்திய காசநோய் விடுதிக்கு அனுப்பினார்கள். அங்கிருந்து மேட்லாக், பின்னர் லண்டன், பின்னர் பட்னி என்று இடம் மாறினார். காசநோயாளிக்குக் குளிர்ந்த திறந்த காற்றே மருந்து என்று கருதிய காலம் அது. கும்பகோணத்து வெயிலில் வளர்ந்த உடம்பு அந்தக் குளிரில் என்ன பாடுபட்டிருக்கும்!

பேட்டி ஷா என்ற மருத்துவர் ஒரு செய்தியைக் கண்டறிந்தார். இந்த நோயாளிக்குச் சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அறுவை நடந்திருக்கிறது என்பதே அது. அதுவரை பார்த்த மற்ற மருத்துவர்கள் எவருக்கும் அது தெரிந்திருக்கவில்லை. 1918 நவம்பரில் ஹார்டி சென்னைக்கு எழுதிய கடிதத்தில் இதைக் குறிப்பிட்டிருக்கிறார். அந்த அறுவை ஒருவேளை புற்றுநோய்க் கட்டிக்காக இருந்திருக்குமோ என்று ஷா ஐயப்பட்டார். உடல்நிலை மேலும் மோசமாகாததால் அந்த எண்ணத்தைக் கைவிட்டார். மீண்டும் காசநோய் என்ற முடிவே நின்றது.

அதே கடிதத்தில் ஹார்டி இன்னொரு வருத்தத்தையும் தெரிவித்தார். ராமானுஜன் விதியை நம்பி இருந்துவிடுகிறவர், தன் உடம்பைக் கவனித்துக்கொள்ள வைப்பது பெரும் பாடாக இருக்கிறது என்பதே அதன் கருத்து.

இத்தனைக்கும் நடுவே 1918-இல் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக்கியது. டிரினிட்டி கல்லூரியின் ஃபெலோ ஆனார். அந்தப் பெருமை பெற்ற முதல் இந்தியர் அவர். பட்னியில் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த ஹார்டி, தான் வந்த வாடகைக்காரின் எண் 1729 என்றார். இரண்டு கன எண்களின் கூட்டுத்தொகையாக இரு வழிகளில் எழுதத்தக்க மிகச் சிறிய எண் அது என்று படுக்கையில் இருந்தபடியே ராமானுஜன் விளக்கினார். மூளை அந்த அளவுக்குத் தெளிவாக இருந்தது. உடம்பு மட்டும் கரைந்துகொண்டிருந்தது.

ஊர் திரும்பியும்

1919 பிப்ரவரி இறுதியில் அவர் கப்பல் ஏறினார். ஐந்து ஆண்டுகளுக்கு முன் போனவரின் எலும்பும் தோலுமே திரும்பி வந்தன. சென்னை, கொடுமுடி, கும்பகோணம், மறுபடியும் சென்னை என்று காற்று மாற்றிப் பார்த்தார்கள். காசநோயில் பெயர்பெற்ற மருத்துவர் சந்திரசேகர் சிகிச்சை அளித்தார். 1920 ஜனவரியில் ஹார்டிக்குப் புதிய கண்டுபிடிப்பு ஒன்றைக் கடிதத்தில் எழுதினார். ஏப்ரல் 26-இல் சேத்துப்பட்டில் உயிர் பிரிந்தது. ஜானகிக்கு அப்போது 21 வயது. பின்னாளில் தையல் வேலை செய்து வாழ்க்கையை ஓட்டிய அவர், 1994 வரை விதவையாக வாழ்ந்தார்.

அதே 1994-இல் யங் என்ற ஆய்வாளர் ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார். பழைய கடிதங்களையும் மருத்துவக் குறிப்புகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தார் அவர். காசநோய்க்கான சான்று வலுவாக இல்லை என்றும், ஊரில் இருந்தபோது வந்த சீதபேதியின் அமீபா கிருமி உடம்பில் தங்கி, பின்னர் கல்லீரலைத் தாக்கியிருக்க வேண்டும் என்றும் முடிவுக்கு வந்தார். இறந்தவரைச் சோதிக்க முடியாது. ஆனாலும் இந்த விளக்கம் இன்று பலராலும் ஏற்கப்படுகிறது.

அசுத்தமான தண்ணீர், உணவு வழியாக வயிற்றுக்குள் போகும் அமீபா, பேதி நின்ற பிறகும் குடலில் ஒளிந்திருக்கும். மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள் கழித்து, கல்லீரலில் சீழ்க்கட்டியாக வெளிப்படும். விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் வலியும் மெலிவும் அதன் அடையாளங்கள். நெஞ்சை உறுத்துவது இதுதான்: இந்த நோய்க்கு அன்றே மருந்து இருந்தது. கல்கத்தாவில் பணியாற்றிய லியனார்ட் ரோஜர்ஸ் 1912-லேயே எமெட்டின் ஊசியால் அமீபா நோயைக் குணப்படுத்திக் காட்டியிருந்தார். பழைய சீதபேதியை நோயோடு சேர்த்து எவராவது யோசித்திருந்தால், அல்லாஹ் நாடியிருந்தால், கதை மாறியிருக்கலாம்.

நாம் என்ன செய்யலாம்?

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமவாசிகள் கேட்டபோது, செய்துகொள்ளுங்கள், முதுமையைத் தவிர எந்த நோயையும் அல்லாஹ் மருந்தில்லாமல் இறக்கவில்லை என்ற பொருளில் நபி (ஸல்) அவர்கள் பதில் தந்தார்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி ஒருவருக்கு வழிகாட்டினார்கள். இரவெல்லாம் நின்று வணங்கி, பகலெல்லாம் நோன்பிருந்த தோழருக்கு, அவருடைய உடம்புக்கும் அவர்மீது உரிமை உண்டு என்று நினைவூட்டினார்கள். நோய் வந்தால் வரட்டும், எல்லாம் விதிப்படி நடக்கும் என்று பரிசோதனைக்கே போகாமல் இருப்பது தவக்குல் ஆகாது. அது ஒட்டகத்தை அவிழ்த்து விடுவது.

ராமானுஜன் காலத்தில் இல்லாத வசதிகள் இன்று நம் வாசலில் இருக்கின்றன. கல்லீரல் கட்டியை ஸ்கேன் சில நிமிடங்களில் காட்டிவிடும். அமீபாவுக்கு மாத்திரை உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், மாலைக் காய்ச்சல், காரணமில்லாத எடைக்குறைவு என்றால் அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனையும் காசநோய் மருந்தும் இலவசம். சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் பார்க்கலாம். இவை இரண்டும் சத்தமில்லாமல் வருபவை. கண்ணையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் அரித்த பிறகே பலருக்கும் தெரிகிறது. முப்பது வயதைத் தாண்டியவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது பார்த்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை உள்ளவர்கள் ரமலானுக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, நோன்பு வைக்கலாமா, மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இன்னும் ஒரு வேலை இருக்கிறது, செலவே இல்லாதது. வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எந்த ஆண்டில் என்ன காய்ச்சல், என்ன அறுவை, எந்த மருந்து ஒத்துக்கொள்ளவில்லை, அத்தாவுக்கு சர்க்கரை இருந்ததா, அம்மாவுக்கு பிரஷர் இருந்ததா என்று எழுதி வையுங்கள். சபருக்குப் போகும் பிள்ளையின் பெட்டியில் அதன் நகலை வையுங்கள். புதிய மருத்துவரிடம் போனால் அதை எடுத்து நீட்டச் சொல்லுங்கள். வெட்கத்துக்குரிய நோய் என்று எதையும் மறைக்க வேண்டாம். மருத்துவரிடம் அதற்கு இடமில்லை. ஊருக்குப் போன் செய்யும்போது நல்லா இருக்கேன் என்று மட்டும் சொல்லும் பிள்ளையிடம், இரவில் காய்ச்சல் உண்டா, எடை குறைந்ததா, கடைசியாக இரத்தம் எப்போது சோதித்தாய் என்று கேளுங்கள்.

பல மருத்துவர்கள் பார்த்தும் ராமானுஜனின் பழைய நோய்க்கதை முழுதாக ஒரே மேசைக்கு வந்து சேரவில்லை. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்வது நம் கையில் இருக்கும் காரியம். அதைச் செய்துவிட்டு அல்லாஹ்விடம் ஆஃபியத்தைக் கேட்போம். அவன் நம் குடும்பத்தார் அனைவருக்கும், கடல் கடந்து உழைப்பவர்களுக்கும் நலமும் நீண்ட ஆயுளும் தந்தருள்வானாக. ஆமீன்.