ஆய்வையும் ஆட்சியையும் இணைத்த சர் பிரெடரிக் நிக்கல்சன்

அறிஞர் கண்ட உண்மை ஆட்சியாளர் செவிக்கு எட்டாவிடின் அது ஏட்டில் உறங்கும். ஆட்சியாளர் இடும் ஆணைக்கு ஆய்வின் துணை இல்லையாயின் அது ஏழையின் வாசலை அடையாது. இவ்விரண்டையும் இணைக்கும் பாலமாகத் திகழ்ந்தவர் சர் பிரெடரிக் அகஸ்டஸ் நிக்கல்சன் ஆவார்.

1846 ஆம் ஆண்டு பிறந்த இவர், சென்னை மாகாண ஆட்சிப் பணியில் சேர்ந்தார். கோயம்புத்தூர் மாவட்டத்தின் நிலம், நீர், பயிர், மக்கள் ஆகியவற்றை ஆராய்ந்து இவர் எழுதிய கையேடு 1887 இல் வெளிவந்தது. உழவர் கடன்சுமையைத் தீர்க்கும் வழி காணுமாறு 1892 இல் மாகாண அரசு இவரைப் பணித்தது. ஐரோப்பியக் கடன் நிறுவனங்களை ஆராய்ந்த நிக்கல்சன், ஜெர்மனியில் ரைபைசன் வளர்த்த சிற்றூர்ச் சங்க முறையே நம் கிராமங்களுக்கு ஏற்றது எனத் தெளிந்தார். ஒருவரையொருவர் அறிந்த ஊரார் சிக்கனத்தால் சேர்த்து, கூட்டுப் பொறுப்பில் கடன் பெறும் முறை அது. இவ்வறிக்கையின் முதற்பகுதி 1895 இலும் அடுத்த பகுதி 1897 இலும் வெளியாயின.

எனினும் சட்டம் உடனே பிறந்துவிடவில்லை. இடையே நாடு இருபெரும் பஞ்சங்களைக் கண்டது. 1901 இல் சர் எட்வர்டு லா தலைமையில் அமைந்த குழுவில் நிக்கல்சனும் இடம்பெற்றார். 1904 இல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம் நிறைவேறியது. அவ்வாண்டே இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் மாகாணத்தின் முதற் சங்கம் தோன்றியது. பணிக்கப்பட்ட நாள் தொட்டுச் சட்டம் வரும்வரை பன்னிரண்டு ஆண்டுகள் கழிந்தன. ஆய்வுக்கும் ஆணைக்கும் இடையே நேரும் தாமதத்தின் விலையை எளியோரே செலுத்துகின்றனர் என்பதற்கு இது சான்றாகும்.

உழவரை அடுத்து மீனவர்பால் அவர் நோக்கம் சென்றது. 1905 இல் கடல்வளத்தை ஆராயும் பொறுப்பேற்றார். 1907 இல் சென்னை மாகாண மீன்துறை உருவாயிற்று. ஜப்பான் சென்று அந்நாட்டு மீன்தொழிலை நேரிற் கண்டு குறிப்பு எழுதினார். மீனைத் தூய்மையாகப் பதப்படுத்துவதையும், மத்தியிலிருந்து எண்ணெயும் உரமும் எடுப்பதையும் மேற்குக் கரையில் செய்து காட்டினார். எழுதியதோடு நில்லாமல் செய்தும் காட்டியமையாலேயே அம்மக்கள் அவற்றை ஏற்றனர்.

இலங்கை முத்துப் பார்களை ஆராய்ந்த ஜேம்ஸ் ஹார்னல் 1908 இல் இத்துறையில் சேர்ந்தார். தூத்துக்குடிக் கடலின் முத்துப் பார்களையும் சங்கு வளத்தையும் அவர் ஆராய்ந்தார். பரதவரும் கீழக்கரை முஸ்லிம்களும் மூச்சடக்கி மூழ்கிப் பெற்ற பட்டறிவு, இவ்வாறு அறிவியலோடு கைகோத்தது. சங்கு பற்றிய அவரது நூல் 1914 இல் வெளிவந்தது.

நிக்கல்சன் 1936 இல் மறைந்தார். அவர் இட்ட வித்து அழியவில்லை. தூத்துக்குடியில் 1973 இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தார் வளர்ப்பு முத்தை உருவாக்கினர். 1977 இல் அந்நகரில் மீன்வளக் கல்லூரியும் எழுந்தது. ஆயினும் அங்கிருந்து சிறு தொலைவிலுள்ள தருவைகுளம் போன்ற மீனவர் ஊர்களின் வலைகளில் அந்த அறிவின் பயன் எவ்வளவு சேர்ந்தது என்பதே அளவுகோல்.

பயன் தரும் கல்வியை வேண்டிப் பிரார்த்திக்குமாறு கற்பிக்கப்பட்ட சமுதாயம் நம்முடையது. மாணவச் செல்வங்களே! நீங்கள் ஆய்வாளராயினும் அதிகாரியாயினும், கரையில் நிற்கும் எளியவனை மறவாதீர். வல்ல இறைவன் அதற்கு அருள்புரிவானாக!