மரத்தின் நாடி பிடித்தவர்: சேர் ஜகதீஸ் சந்திர போஸ்

தொட்டாற்சுருங்கியைத் தொட்டுப் பார்க்காமல் வளர்ந்தவர்கள் எம்மில் குறைவு. ஒழுங்கையோரத்தில் அதைத் தட்டிவிட்டு, இலை கூம்புவதைப் பார்த்துச் சிரித்திருப்போம். அது ஏன் கூம்புகிறது என்ற கேள்விக்குத் தம் வாழ்நாளில் ஏறக்குறையப் பாதியைக் கொடுத்த ஒருவரைப் பற்றி இம்முறை எழுதுகிறோம்.

ஜகதீஸ் சந்திர போஸ் 1858 நவம்பர் 30 ஆம் திகதி, இன்று பங்களாதேஷில் உள்ள மைமன்சிங்கில் பிறந்தார். தந்தையார் பகவான் சந்திர போஸ் அரசாங்கத்தில் உயர் உத்தியோகத்தர். அத்தகையோர் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பிய காலத்தில், அவர் மகனை முதலில் வங்காளப் பள்ளிக்கே அனுப்பினார். மீனவர் மகனோடும் சேவகர் மகனோடும் சேர்ந்திருந்து கேட்ட பறவை, விலங்குக் கதைகளே இயற்கை மீது தமக்கு ஆவலை ஊட்டியதாகப் போஸ் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார்.

1880 இல் மருத்துவம் படிக்க லண்டன் சென்றவர், காய்ச்சல் வாட்டியதால் அதைக் கைவிட்டுக் கேம்பிரிட்ஜில் இயற்கை விஞ்ஞானம் படித்தார். 1885 இல் கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் பௌதிகப் பேராசிரியரானார்.

இங்கே கணக்குப் பார்க்கும் எம் போன்றோர் சற்று நிற்க வேண்டியிருக்கிறது. அக்காலத்தில் ஐரோப்பியருக்கு முழுச் சம்பளம். அதே வேலையைச் செய்யும் இந்தியருக்கு மூன்றில் இரண்டு பங்கு. போஸின் நியமனம் தற்காலிகமானது என்பதால் அதிலும் பாதி, அதாவது மூன்றில் ஒரு பங்கே தரப்பட்டது. அவர் சண்டை பிடிக்கவில்லை, வேலையை விடவுமில்லை. ஒழுங்காகப் பாடம் நடத்திக்கொண்டு, மூன்று வருடங்கள் சம்பளத்தைத் தொடாமலே இருந்தார். வீட்டிலோ தந்தையாரின் கடன் தலைக்கு மேல். இந்த வைராக்கியத்துக்குத் துணைநின்றவர் 1887 இல் அவர் மணந்த அபலா அம்மையார். அவர் நம் சென்னையில் மருத்துவம் பயின்றவர். ஈற்றில் நிர்வாகம் இறங்கிவந்து, முழுச் சம்பளத்தை நிலுவையோடு கொடுத்தது. அந்தப் பணம் தந்தையாரின் கடனுக்குப் போயிற்று. பட்டமும் அனுபவமும் இருந்தும் புதிய நாட்டில் அரைவிலைக்கு மதிக்கப்பட்ட எம்மவர்களுக்கு இதன் கனம் புரியும்.

அவருடைய முதல் ஆராய்ச்சி மின்காந்த அலைகளில். கல்லூரியின் சிறிய அறையொன்றில், உள்ளூர்த் தகரவேலைக்காரர் ஒருவரைப் பழக்கியெடுத்துக் கருவிகள் செய்தார். 1895 இல் கல்கத்தா நகரமண்டபத்தில் கம்பியில்லாமல், சுவர்களையும் ஊடுருவிய அலையால் மணியடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். அதே காலத்தில் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சேர்ச்சில், ரதபோர்ட் என்ற இளைஞரும் இதே அலைகளைப் பிடிக்கும் கருவியொன்றில் உழைத்துக்கொண்டிருந்தார் என்பது இந்நாட்டில் வாழும் நாம் அறியவேண்டிய செய்தி. 1901 இல் மார்க்கோனி அத்திலாந்திக் சமுத்திரத்தைக் கடந்துவந்த சமிக்ஞையைப் பெற்றது, போஸ் 1899 இல் வெளியிட்டதை ஒத்த பாதரசக் கருவியாலேயே. அறிவு எல்லோருக்கும் பொது என்பது போஸின் கொள்கை. நண்பர்களின் வற்புறுத்தலால் அமெரிக்காவில் பெற்ற ஒரு காப்புரிமையையும் காலாவதியாக விட்டுவிட்டார்.

பின்னர் அவர் கவனம் தாவரங்களுக்குத் திரும்பியது. தூண்டினால் விலங்கின் தசையில் எழும் மின்மாற்றம் சாதாரணச் செடியிலும் எழுகிறது என்றார். 1901 இல் லண்டன் றோயல் சொசைற்றியில் பெரிய உடலியலாளர்கள் எதிர்த்தனர். பௌதிகக்காரருக்கு இங்கே என்ன வேலை என்ற தொனியில் பேசி, கட்டுரையின் தலைப்பை மாற்றச் சொன்னார்கள். போஸ் மறுத்தார்; கட்டுரை அச்சேறவில்லை. அவர் வாயால் வாதாடாமல் கருவிகளால் வாதாடினார். செடியின் வளர்ச்சியைப் பத்தாயிரம் மடங்கு பெருக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராப் அவற்றுள் ஒன்று. 1914 இல் தொட்டாற்சுருங்கியையும், தானாகவே இலையசைக்கும் தொழுகண்ணியையும் கப்பலேற்றி இங்கிலாந்துக்குக் கொண்டுசென்று காட்டினார். 1920 இல் அதே சொசைற்றி அவரை அங்கத்தவராக ஏற்றுக்கொண்டது.

கோயிற் பத்திரிகையில் சொல்லியே ஆகவேண்டிய கதையொன்று உண்டு. பரீத்பூரில் சரிந்து நின்ற ஓர் ஈச்சமரம், மாலையில் கோயில் மணி ஒலிக்கும் வேளையில் தலை தாழ்த்தும், காலையில் நிமிரும். சனங்கள் அதற்குக் காணிக்கை வைத்தார்கள். போஸ் சிரிக்கவுமில்லை, கும்பிட்டுவிட்டுப் போகவுமில்லை. மரத்தில் பதிவுக்கருவியைப் பொருத்தினார். மரம் இரவுபகலாக அசைந்துகொண்டே இருந்தது. வெப்பம் கூடத் தாழ்ந்தது, குறைய நிமிர்ந்தது. அதிசயம் குறையவில்லை, காரணம் தெரிந்தது.

1917 நவம்பர் 30 இல், தமது பிறந்தநாளன்று, கல்கத்தாவில் ஆராய்ச்சி நிலையத்தைத் திறந்து, அதற்கு விஞ்ஞானக் கோயில் என்ற பொருளில் பெயரிட்டார். 1937 நவம்பர் 23 இல் கிரிடியில் காலமானார்.

அவர் சொன்ன யாவும் நிலைக்கவில்லை என்பதையும் எழுதத்தான் வேண்டும். கலங்களின் துடிப்பே மரத்தில் நீரை மேலேற்றுகிறது என்ற கருத்தை இன்றைய தாவரவியல் ஏற்கவில்லை. ஆனால் தாவரத்துள் மின்சமிக்ஞை ஓடுவது உறுதியாகிவிட்டது. தொட்டாற்சுருங்கியில் அச்சமிக்ஞை காம்படிக் கணுவை அடைய, அங்குள்ள கலங்கள் நீரை இழந்து தளர்கின்றன, இலை கூம்புகிறது. கூம்ப முடியாதவாறு மாற்றப்பட்ட செடிகளை வெட்டுக்கிளிகள் கூடுதலாகத் தின்றதை 2022 இல் யப்பானிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். இங்கே ஒக்லாந்தின் மேற்கே வைற்றாக்கரே மலைக்காட்டில், இலையே இல்லாத கௌரி மரக்கட்டையொன்றை அயல்மரங்கள் வேர்வழி நீரூட்டி உயிரோடு வைத்திருப்பதை 2019 இல் ஒக்லாந்து ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

மரஞ்செடிகளைத் தொடுகையை உணரும் ஓரறிவுயிர் என்று தொல்காப்பியம் வகுத்தது. அதை எண்ணிப் பெருமைப்படுவது எளிது. அளந்து பார்த்தவர் போஸ். எமது பிள்ளைகளுக்கு இரண்டையும் சேர்த்தே சொல்லிக்கொடுப்போம். அந்த மூன்று வருடச் சம்பளக் கதையையும் மறக்காமல் சொல்வோம்.