மாடித் தொட்டியும் வில்லியம் ஷாக்லியும்



மாடித் தொட்டி நிரம்பியதும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் பெட்டியைப் பல அபார்ட்மென்ட்களில் பார்த்திருப்பீர்கள். தொட்டிக்குள் தொங்கும் இரண்டு கம்பிகளைத் தண்ணீர் தொட்டதும் அவற்றுக்கிடையே மிகச் சிறிய மின்சாரம் பாய்கிறது. அதை மட்டும் வைத்து மோட்டாரை நிறுத்தும் ரிலேயை அசைக்க முடியாது. எளிய பெட்டிகளில் அந்த வேலையை முடித்துக் கொடுப்பது மிளகு அளவே உள்ள ஒரு டிரான்சிஸ்டர். அந்த வகை டிரான்சிஸ்டருக்குத் திட்டம் வகுத்தவர் வில்லியம் ஷாக்லி.

1910இல் லண்டனில், அமெரிக்கப் பெற்றோருக்குப் பிறந்தார். கலிபோர்னியாவில் வளர்ந்து, இயற்பியலில் முனைவர் பட்டம் பெற்று, 1936இல் பெல் ஆய்வகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் தலைமையில் இருந்த குழுவில்தான் ஜான் பார்டீனும் வால்டர் பிராட்டேனும் 1947 டிசம்பரில் முதல் டிரான்சிஸ்டரை இயக்கிக் காட்டினார்கள். ஜெர்மானியத் துண்டின் மேல் தங்க முனைகள் இரண்டை அழுத்தி வைத்த அமைப்பு அது. அதற்கான காப்புரிமையில் ஷாக்லியின் பெயர் இல்லை.

குழுத் தலைவருக்கு அது தாங்கவில்லை. தனியே உட்கார்ந்து இரவும் பகலும் எழுதினார். 1948 ஜனவரி 23ஆம் தேதி வேறொரு வடிவம் அவருக்குப் பிடிபட்டது. சில வாரங்கள் சக ஊழியர்களிடம்கூட அதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை.

அந்த வடிவம் சாண்ட்விச் மாதிரி: எமிட்டர், பேஸ், கலெக்டர் என மூன்று அடுக்கு. நடுவில் உள்ள பேஸ் மிக மெல்லியது. சிலிக்கான் டிரான்சிஸ்டரில் பேஸுக்குச் சுமார் 0.7 வோல்ட் கொடுத்தால் எமிட்டரிலிருந்து எலக்ட்ரான்கள் அதற்குள் புகும். பேஸ் மெல்லியதாக இருப்பதால் பெரும்பாலானவை அங்கே தங்காமல் கலெக்டருக்குப் போய்விடும். நூற்றில் ஒன்று பேஸில் தங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஒன்றை ஈடுகட்டும் அளவு மின்சாரத்தைப் பேஸுக்குக் கொடுத்தால் போதும், ஏறத்தாழ நூறு மடங்கு கலெக்டர் வழியே ஓடும். பேஸை நிறுத்தினால் எல்லாமே நின்றுவிடும். தண்ணீர் வழியே வரும் துளி மின்சாரம் பேஸுக்குப் போகிறது. கலெக்டரில் ஓடும் பெரிய மின்சாரம் ரிலேயை இழுக்கிறது. இவ்வளவுதான் விஷயம்.

1951இல் இந்த டிரான்சிஸ்டர் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. உறுதியானது, தயாரிக்கத் தோதானது. காது கேட்கும் கருவிக்குள்ளும் கையடக்க ரேடியோவுக்குள்ளும் புகுந்தது. ஆனால் அதே ஆண்டில் பார்டீன் பெல் ஆய்வகத்தை விட்டே போய்விட்டார். பிராட்டேன் ஷாக்லியின் கீழ் வேலை செய்ய மறுத்தார். 1956இல் மூவருக்கும் சேர்த்தே நோபல் பரிசு கிடைத்தது.

அதே 1956இல், தான் வளர்ந்த ஊருக்குப் பக்கத்திலேயே ஷாக்லி சொந்த ஆய்வகம் தொடங்கினார். தேடித் தேடித் திறமையான இளைஞர்களைச் சேர்த்தார். சேர்த்தவர்களையே சந்தேகப்பட்டார், பொய் கண்டறியும் சோதனைக்கு உட்படச் சொல்லும் அளவுக்குப் போனார். 1957இல் எட்டுப் பேர் ஒன்றாக வெளியேறி ஃபேர்சைல்ட் செமிகண்டக்டரைத் தொடங்கினார்கள். அவர்களில் ராபர்ட் நாய்ஸும் கார்டன் மூரும் 1968இல் இன்டெல்லை நிறுவினார்கள். சிலிக்கான் பள்ளத்தாக்கு செழித்தது. ஷாக்லியின் நிறுவனம் தேய்ந்து மறைந்தது.

பிற்காலத்தில் பேராசிரியராக இருந்தபடி, இனத்தை வைத்து மனிதரின் அறிவைத் தரம் பிரிக்கும் தவறான கருத்துகளைப் பேசினார். பெயர் கெட்டது, நண்பர்கள் விலகினார்கள். 1989 ஆகஸ்ட் 12ஆம் தேதி அவர் இறந்த செய்தியைப் பிள்ளைகள் பத்திரிகையில் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள் என்பார்கள்.

மோட்டார் தானாக நிற்கும் சத்தம் கேட்கும்போது அவரை நினைத்துக்கொள்ளுங்கள். சின்னதொரு மின்சாரத்துக்கு இடம் கொடுத்தால் பெரிய வேலை நடக்கும் என்று கண்டுபிடித்தவர் அவர். கூட இருந்தவர்களுக்கு இடம் கொடுக்கத்தான் அவருக்கு வரவில்லை.