வீணை தனம்மாள்

வீணை தனம்மாள் (1867 - 1938) கருநாடக இசையின் தலைசிறந்த வீணைக் கலைஞர்களுள் ஒருவர். பாடகரும் ஆவார். ஒலியின் அளவைக் குறைத்து நாதத்தின் தரத்தைப் பேணிய வாசிப்பு முறைக்காகப் பெரிதும் அறியப்படுகிறார். இவர் வழிவந்த இசைமரபு தனம்மாள் பாணி என அழைக்கப்படுகிறது.

குடும்பமும் பயிற்சியும்

தனம்மாள் தஞ்சாவூர் அரசவையோடு தொடர்புடைய இசைக் குடும்பத்தில் தோன்றியவர். பாட்டி காமாட்சி நடனக் கலைஞர். தாயார் சுந்தரம்மாள் பாடகர். குடும்பம் சென்னைக்குக் குடிபெயர்ந்து ஜார்ஜ் டவுன் பகுதியில் வாழ்ந்தது.

முத்துசுவாமி தீட்சிதரின் கீர்த்தனைகளைச் சாத்தனூர் பஞ்சநத ஐயரிடமும், பதங்களைப் பார்வையற்றவரான வாலாஜாபேட்டை பாலகிருஷ்ண தாசிடமும் கற்றார். அக்காலத்தில் செங்கல்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்த திருவொற்றியூரில் வாழ்ந்த தியாகையரும் இவருடைய ஆசிரியர்களுள் ஒருவர். தியாகையர், தியாகராஜரின் சீடரான வீணை குப்பையரின் மகன். ஜாவளிகள் பல இயற்றிய தருமபுரி சுப்பராயர் தனம்மாளின் நண்பராக இருந்தார்.

வீணையின் தந்திகள்

தனம்மாளின் வாசிப்பு முறையை விளங்கிக்கொள்ள வீணையின் அமைப்பை அறிதல் வேண்டும். வீணையில் 24 மெட்டுகளின் மேல் நான்கு தந்திகள் செல்கின்றன. அவை சாரணி, பஞ்சமம், மந்தரம், அனுமந்தரம் எனப்படும். பக்கவாட்டில் தாளத்திற்கும் சுருதிக்கும் உரிய மூன்று தந்திகள் உள்ளன. சாரணி மெல்லிய எஃகுக் கம்பி. மந்தரமும் அனுமந்தரமும் தடித்தவை. ஒரே விசையில் மீட்டினாலும் இவை ஒரே அளவில் ஒலிப்பதில்லை. தடித்த தந்தியின் முழக்கம் அடுத்த தந்தியில் எழும் மெல்லிய கமகத்தை மூடிவிடக்கூடும். தாளத் தந்திகளை ஓங்கி மீட்டினாலும் இதே குறை நேரும்.

இன்றைய பேஸ் கிட்டாரில் தந்திகளின் கீழுள்ள பிக்அப்பின் உயரத்தை மாற்றி இவ்வேறுபாட்டை ஓரளவு சரிசெய்யலாம். மின்கருவி இல்லாத வீணையில் குதிரையின் மேலுள்ள உலோகத் தகட்டைச் சீராக அமைத்தபின், எஞ்சியதை வாசிப்பவரின் விரல்களே செய்யவேண்டும்.

வாசிப்பு முறை

வீணையை மீட்டுவோர் பலர் விரல்களில் உலோகக் கம்பியாலான மீட்டுகளை அணிவது வழக்கம். இதனால் ஒலி உயரும். ஆயினும் கம்பியோடு கம்பி உரசும் ஓசையும் கூடும். தனம்மாள் அவற்றை அணியாமல் வெறும் விரல்களால் மீட்டினார். மென்மையாக மீட்டும்போது தொடக்கத் தாக்கு தணிந்து, அதனைத் தொடரும் நாதமும் கமகத்தின் வளைவும் தெளிவாகக் கேட்கும். ஒரு தந்தியிலிருந்து மற்றொன்றிற்குச் செல்கையில் ஒலி துள்ளுவதும் மங்குவதும் குறையும். வாசித்துக்கொண்டே பாடுவதும் இவரது வழக்கம். குரலும் தந்தியும் ஒன்றையொன்று மறைக்காதிருக்க இந்த அடக்கம் உதவியது.

இம்முறைக்கு அமைதியான சிறிய இடம் தேவைப்பட்டது. வெள்ளிக்கிழமை மாலைகளில் தனம்மாளின் இல்லத்தில் நடைபெற்ற வாசிப்பைக் கேட்க இசைவாணர்களும் சுவைஞர்களும் கூடினர். அங்கே சிறு ஓசை எழுப்புவதற்கும் வந்தவர்கள் அஞ்சினர் என்பர்.

பிற்கால வாழ்வு

தனம்மாளின் காலத்திலேயே இசை, இல்லங்களிலிருந்து சபா மண்டபங்களுக்குப் பெயர்ந்தது. 1930களில் ஒலிபெருக்கியும் பரவத் தொடங்கியது. பெரிய கூட்டத்திற்கு எட்டும் ஒலியே கச்சேரிக் கலைஞருக்கு வருவாய் தந்தது. தனம்மாளின் வீணை அவ்வாறு எட்டக்கூடியதன்று. புகழ் குன்றாதிருந்தும் இவர் பொருள்முட்டுப்பாட்டிற்கு ஆளானார். முதுமையில் கண்பார்வையையும் இழந்தார். 1938இல் சென்னையில் காலமானார்.

மரபு

தனம்மாளுக்கு ராஜலட்சுமி, லட்சுமிரத்தினம், ஜெயம்மாள், காமாட்சி என நான்கு பெண்மக்கள். காமாட்சியின் மகள்களான டி. பிருந்தாவும் டி. முக்தாவும் புகழ்பெற்ற பாடகர்களாயினர். பிருந்தா, அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் காஞ்சிபுரத்தில் நயினாப் பிள்ளையிடமும் பயின்றார். நயினாப் பிள்ளை பல தாளக் கருவிகள் சூழ, லய நுட்பம் ஓங்கிய கச்சேரிகளுக்குப் பெயர் பெற்றவர். பாட்டியின் அடங்கிய நாதத்திற்கு நேர்மாறான அப்பயிற்சியைப் பெற்ற பின்னரும், பதங்களைப் பாடுகையில் பிருந்தாவின் இசை தனம்மாள் பாணியிலேயே அமைந்தது.

ஜெயம்மாளின் மக்களுள் நடனக் கலைஞர் டி. பாலசரசுவதி, மிருதங்கக் கலைஞர் டி. ரங்கநாதன், புல்லாங்குழல் கலைஞர் டி. விசுவநாதன் ஆகியோர் குறிப்பிடத்தக்கவர்கள். ரங்கநாதனும் விசுவநாதனும் அமெரிக்காவில் கருநாடக இசையைக் கற்பித்தனர். இவ்வாறு வீணையில் உருவான பாணி பெரும்பாலும் குரலிலும் குழலிலும் நடனத்திலும் தொடர்ந்தது. வீணையில் அதனைப் பின்பற்றியவர்களுள் தனம்மாளிடம் பயின்ற சாவித்திரி ராஜன் ஒருவர்.

1930களில் தனம்மாளின் வாசிப்பு இசைத்தட்டுகளில் பதிவு செய்யப்பட்டது. ஒரு பக்கத்திற்குச் சில நிமிடங்களே கொண்ட அத்தட்டுகளில் விரிவான ஆலாபனைக்கு இடமில்லை. மெல்லிய ஒலியைத் தட்டின் இரைச்சலும் ஓரளவு மறைக்கிறது. எனினும் அவரது விரல்களின் நாதத்தை நேரடியாக அறிய இன்று எஞ்சியிருப்பவை அப்பதிவுகளே. இந்திய அஞ்சல் துறை 2010இல் தனம்மாளின் நினைவாக அஞ்சல் தலை வெளியிட்டது.