வில்லியம் பெவரிட்ஜ்

வில்லியம் பெவரிட்ஜ் (மார்ச் 5, 1879 - மார்ச் 16, 1963) பிரித்தானியத் தேசியக் காப்புறுதித் திட்டத்தை வகுத்தளித்த பொருளியலாளர் ஆவார். இவர் வங்காளத்தின் ரங்பூரில் பிறந்தார். தந்தை என்றி இந்தியக் குடிமைப் பணியில் நீதிபதியாக இருந்தார். தாய் அனெட், பாபரின் நினைவுக் குறிப்புகளை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர். பெவரிட்ஜ் 1919 முதல் 1937 வரை இலண்டன் பொருளியல் பள்ளியின் இயக்குநராகப் பணியாற்றினார்.

பெவரிட்ஜ் அறிக்கை

1942 இல் இவரது அறிக்கை வெளிவந்தது. சந்தா செலுத்தியவர், தம் வறுமையை மெய்ப்பிக்காமலே ஓய்வூதியத்தை உரிமையாகப் பெற வேண்டும் என்பது அதன் அடிப்படை. இதனைத் தழுவிய 1946 ஆம் ஆண்டுச் சட்டம் சூலை 5, 1948 இல் நடைமுறைக்கு வந்தது. அதற்குள், 1945 தேர்தலில் பெவரிட்ஜ் தம் நாடாளுமன்ற இடத்தை இழந்திருந்தார்.

சந்தா விடுபட்ட ஆண்டுகள் ஓய்வூதியத்தைக் குறைக்கும் என்பது இக்கொள்கையின் மறுபக்கம். 2016 இல் வந்த புதிய விதிகளின்படி முழுத் தொகைக்குப் பொதுவாக 35 ஆண்டுச் சந்தா தேவை. இடைவெளிகளைத் தன்விருப்பச் சந்தா செலுத்தி நிரப்பலாம். வழக்கமாகக் கடந்த ஆறு ஆண்டுகளுக்கே இது பொருந்தும்.

மணமான பெண்கள்

பெவரிட்ஜின் திட்டத்தில் மணமான பெண்ணின் ஓய்வூதியம் பெரும்பாலும் கணவரின் சந்தாவையே சார்ந்திருந்தது. வேலைக்குச் சென்ற மனைவியரும் முழுச் சந்தாவிலிருந்து விலகிக்கொள்ள இடமிருந்தது. அறிக்கையின் பெருங்குறை இதுவே எனலாம். இத்தெரிவு 1977 இல் புதியவர்களுக்கு நிறுத்தப்பட்டது. எனினும், அவ்வாறு குறைந்த சந்தா செலுத்திய ஆண்டுகளைத் தன்விருப்பச் சந்தாவால் நிரப்ப விதிகள் இடமளிப்பதில்லை.