நெப்போலியனின் கலாசாலைப் பிரவேசம்

நெப்போலியன் 1769ஆம் ஆண்டு கோர்சிக்காத் தீவிலே பிறந்தான். பிரான்சு அத்தீவைக் கைப்பற்றியதும் அவ்வாண்டிலேயாம். தந்தையார் கார்லோ முன்னர்ப் பிரான்சை எதிர்த்து நின்றவர். குலத்தாற் பிரபு, பொருளாற் குறைந்தவர். பின்னர் அவரே நான்கு தலைமுறைப் பிரபுத்துவத்தை அத்தாட்சிகளால் நிறுவிப் பிரெஞ்சு அரசரின் உபகாரச் சம்பளத்தை மைந்தனுக்குப் பெற்றார்.

சிறுவன் 1779 சனவரியில் ஓட்டன் நகர் சென்று பிரெஞ்சு பயின்றான். மே மாதத்தில், ஒன்பது வயதில், பிரியேன் இராணுவ கலாசாலையிற் சேர்ந்தான். அவனுடைய உச்சரிப்பைச் சகமாணாக்கர் எள்ளினர். அவனோ கணிதத்திற் சிறந்து, 1784இல் பாரிசு இராணுவக் கல்லூரிக்குத் தெரிவானான். மறுவருடம் தந்தையார் இறந்தார். ஆயினும், ஈராண்டுப் பயிற்சியை ஓராண்டில் முடித்துப் பதினாறு வயதிற் பீரங்கிப்படை அதிகாரியானான்.

உபகாரச் சம்பளம் வாயிலைத் திறக்கும். உட்புகுந்து முன்னேறுதல் மாணவன் கடனே என்பதை இச்சரிதையால் நாம் அறிகின்றோம்.