கடைசி வரிசை மாணவர் கட்டிய விமானங்கள்

பள்ளியில் இடம் கிடைக்காத ஒரு சிறுவன் தன் சகோதரியுடன் தினமும் வகுப்புக்குப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துகொள்வான். ரஷ்யாவின் சராத்தோவ் நகரில் புரட்சிக்குப் பிந்தைய காலம் அது. அவன் படித்த பள்ளி மூடப்பட்டுவிட்டது. இருந்த இன்னொரு பள்ளியோ 16 வயதானவர்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. நாளடைவில் ஆசிரியர்களுக்கு அவன் பழகிப்போனான். பெயரும் பதிவேட்டில் ஏறியது.

அவர்தான் ஒலெக் அந்தோனோவ். 1906-இல் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தார். 18 வயதில் இயந்திரமில்லாத கிளைடர் ஒன்றைத் தாமே வடிவமைத்தார். லெனின்கிராட்டில் பொறியியல் படித்து 1930-இல் பட்டம் பெற்ற பிறகும் பல ஆண்டுகள் கிளைடர்தான் அவர் உலகம். கிளைடரில் இறக்கை சரியில்லை என்றால் காப்பாற்ற இயந்திரம் கிடையாது. அவருக்கு அதைவிட நல்ல பயிற்சி வேறு எது கிடைத்திருக்கும்?

1946-இல் அவர் தலைமையில் தனி வடிவமைப்பகம் உருவானது. பின்னர் அது உக்ரேனின் கியெவ் நகருக்கு மாறியது. அங்கே உருவான ஏஎன்-24 விமானம் 1959-இல் முதன்முதலாகப் பறந்தது. இரண்டு டர்போபுரோப் இயந்திரங்கள், சுமார் 50 பயணிகள். டர்போபுரோப் என்றால் ஜெட் வகைச் சுழலியின் ஆற்றலால் புரொபெல்லர் சுற்றுவது. குறுகிய பயணங்களுக்கு எரிபொருள் சிக்கனமானது. சோவியத் சிற்றூர்களில் பல ஓடுபாதைகள் வெறும் மண்தான். ஆகவே, கல்லும் பனியும் புரொபெல்லரில் அடிக்காதபடி இறக்கையை விமான உடலின் மேற்பகுதியில் பொருத்தினார்கள்.

அதன்பின் நடந்ததுதான் சுவாரசியம். அதே விமானத்தின் பின்பகுதியை மாற்றிச் சரக்கு ஏற்றச் சாய்தளக் கதவு வைத்தார்கள், அது ஏஎன்-26. வரைபடத்திற்கு வானிலிருந்து படமெடுக்கக் கண்ணாடி மூக்கு வைத்தது ஏஎன்-30. புதிதாக ஒன்றைப் படைத்தால்தான் பொறியாளர் என்று நினைக்கும் என்னைப் போன்றவர்களுக்கு இது சற்று ஏமாற்றமாகக்கூட இருக்கலாம்!

ஆனால், ஏஎன்-32 வேறு ரகம். வெப்பமான இடங்களிலும் உயர்ந்த மலைகளிலும் காற்றின் அடர்த்தி குறைவு. இயந்திரத்தின் ஆற்றல் குறையும். இறக்கையின் தூக்குவிசையும் குறையும். அதற்காக ஏறக்குறைய இரு மடங்கு ஆற்றலுள்ள இயந்திரங்களைத் தேர்ந்தெடுத்தனர். அவற்றின் பெரிய புரொபெல்லர்கள் தரையில் இடிக்கக்கூடாதே! இயந்திரங்களை இறக்கைக்கு மேலே தூக்கி வைத்தார்கள். பார்க்க விநோதமாக இருந்தாலும் 1976-இல் அது பறந்தது.

அதை அதிகம் வாங்கிய நாடு இந்தியா. இமயமலைப் பகுதிகளில் இருக்கும் வீரர்களுக்கு உணவும் பொருளும் கொண்டுசெல்ல இப்படியொரு விமானம் தேவைப்பட்டது. இந்திய விமானப்படையில் அது 1984-இல் சேரத் தொடங்கியது. அதே ஆண்டு ஏப்ரல் 4-ஆம் தேதி, கியெவ் நகரில் அந்தோனோவ் காலமானார்.